ஏழைகளுக்குப் பணி செய்யும் துறவற சபையில் சேரப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மே மாதம் வந்தால் நம் பக்கத்தில் துறவற வாழ்வுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும் அழைத்தல் முகாம்கள் தொடங்கிவிடும். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு பையில் நாலு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறுவார்கள். முகாமில் பாட்டு, விளையாட்டு, செபமாலை எல்லாம் இருக்கும். சிஸ்டர்கள் வீடியோவும் போட்டுக் காட்டுவார்கள். ஒரு சிஸ்டர் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுவார், இன்னொருவர் தொழுநோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். பார்க்கிற பிள்ளைக்குக் கண் கலங்கும். "நானும் இவங்களோட போறேன்" என்று அன்றைக்கே வீட்டுக்குப் போன் வரும்.

அந்தக் கண்ணீர் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்புகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் ஆறு மாதத்தில் குழம்பிப் போகிறார்கள். வீடியோவில் தெரிவது சபை செய்யும் பணி. நீங்கள் சேரப் போவதோ சபையில். ஒரே கூரையின் கீழ், நீங்கள் தேர்ந்தெடுக்காத பத்துப் பேரோடு, ஒரு தலைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கடைசிவரை வாழும் வாழ்க்கை அது. நான் பார்த்தவரை, கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் இந்தக் குழப்பம்தான்.

ஒரு முதியோர் இல்லத்தின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே எழுந்து தியானமும் திருப்பலியும் முடித்துவிட்டு வார்டுக்குப் போனால், மூன்றாவது கட்டிலில் இருக்கும் ஆச்சி ராத்திரியே படுக்கையை நனைத்திருப்பார். பெட்ஷீட்டை உருவி, ரப்பர் ஷீட்டை டெட்டால் தண்ணீரில் துடைத்து, அவரைத் தூக்கி உட்காரவைத்தால் நன்றி வராது, வசவுதான் வரும். நினைவு தப்பிப்போனவர், உங்களைத் தன் மருமகள் என்று நினைத்துத் திட்டுவார். இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களே உடைந்துபோவது வேறு இடத்தில். "பக்கெட்டை ஏன் இங்க வச்சே?" என்று கூட இருக்கும் சிஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்கும்போது. அல்லது வார்டில் மனம் ஒட்டிவிட்ட நேரத்தில், "நாளையிலிருந்து நீ சமையற்கட்டு" என்று சொல்லப்படும்போது.

கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டின், அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியின், எடை அங்கேதான் தெரியும். ஏழ்மையும் கற்பும் கஷ்டம் என்று போகும்போதே எல்லாருக்கும் தெரியும், மனதைத் தயார் செய்துகொண்டுதான் போகிறார்கள். கீழ்ப்படிதலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்னை தெரசாவைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் தெருவில் இறங்கியதைச் சொல்வோம், அதற்குமுன் காத்திருந்ததைச் சொல்ல மாட்டோம். 1946 செப்டம்பர் 10-ஆம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளோடு வாழும் அழைப்பு தனக்கு வந்ததாக அவர் சொன்னார். தான் அதுவரை இருந்த லொரேட்டோ கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்தது 1948-ல். இடையில் பேராயரின் சம்மதம், சபைத் தலைமையின் சம்மதம், ரோமாபுரியின் அனுமதி என்று ஒவ்வொன்றுக்காகவும் பொறுத்திருந்தார். வெளியே வந்ததும் நேராகச் சேரிக்கும் போகவில்லை. பாட்னாவுக்குப் போய் மருத்துவ உதவிப் பயிற்சி எடுத்தார். சபைக்கு ஒப்புதல் கிடைத்தது 1950 அக்டோபர் 7-ல். கடவுளே கூப்பிட்டார் என்று நம்பிய ஒருவர் இத்தனை பேரிடம் அனுமதி கேட்டு நின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எல்லா மடமும் ஒன்றுதான் என்று நினைப்பது

"சித்தி அந்தச் சபையில இருக்காங்க, அதனால நானும் அங்கேயே" என்று சேர்வது நம் ஊர்களில் சகஜம். சித்தி நல்லவராக இருக்கலாம், ஆனால் அந்தச் சபையின் பணி உங்களுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அன்னை தெரசாவின் சபையில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்று உண்டு. ஏழைகளிலும் ஏழைகளுக்கு முழுமனதோடு, இலவசமாகப் பணி செய்வது. 1839-ல் பிரான்சில் ழான் ஜூகான் தொடங்கிய ஏழைகளின் சின்ன சகோதரிகள் சபை ஆதரவற்ற முதியோருக்கென்றே இருக்கிறது. அவர்களுக்கும் நான்காவது வார்த்தைப்பாடு உண்டு, அது விருந்தோம்பல். வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் 1633-ல் தொடங்கிய பிறரன்பின் புதல்வியர் சபையில் வார்த்தைப்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். கேரளத்தில் 1927-ல் தொடங்கிய ஆதரவற்றோரின் சகோதரிகள் சபை கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே இருக்கும் சீரோ மலபார் என்ற தனி வழிபாட்டு முறையைச் சேர்ந்தது. நம் லத்தீன் முறைப் பூசையில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பழகச் சில நாள் ஆகும். பையன்களுக்கும் இதேதான். அன்னை தெரசா சபைக்கு ஆண்கள் பிரிவு 1963-லிருந்து இருக்கிறது. பாளையங்கோட்டையிலேயே 1903-ல் சேசு சபைக் குரு கௌசானல் தொடங்கிய திரு இருதய சகோதரர்கள் சபை இருக்கிறது, அது பெரும்பாலும் கல்விப் பணி செய்வது. குருவாக வேண்டும் என்ற ஆசையோடு சகோதரர்கள் சபையில் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. சகோதரர்கள் பூசை வைப்பதில்லை என்பதைக்கூட முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமல் போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஏழைகளுக்கென்று தொடங்கப்பட்ட சபைகள் சிலவற்றில் இன்றைக்கு உறுப்பினர்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களில்தான் இருக்கிறார்கள். அது தப்பில்லை. கிராமத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் ஏழைப்பணிதான். ஆனால் நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்று வந்தவரை பி.எட். படிக்கவைத்து ஆங்கில மீடியம் பள்ளி ஆபீசில் உட்காரவைத்தால் மனசு வெறுத்துப்போகும். "உங்கள் சபையில் எத்தனை பேர் பள்ளியில், எத்தனை பேர் இல்லங்களில்?" என்று கேளுங்கள். நல்ல சபையாக இருந்தால் கோபப்படாமல் பதில் சொல்வார்கள். சம்பளத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துறவி வேலை செய்து ஈட்டுவது சபைக்கே சேரும், அவருடைய தேவைகளைப் பார்ப்பது சபையின் கடமை. இது திருச்சபைச் சட்டம். ஆனால் வருமான வரித்துறை பார்க்கும் கணக்கு வேறு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கும் குருக்கள், சிஸ்டர்களின் சம்பளத்திலும் வரிப் பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

நேர்ச்சைக்காகப் போவது, கல்யாணத்துக்குப் பயந்து போவது

உவரி அந்தோணியாருக்கோ காமநாயக்கன்பட்டி பரலோக மாதாவுக்கோ, "இந்தப் பிள்ளை பிழைச்சா உனக்கே கொடுத்துடுறேன்" என்று ஒரு தாய் எப்போதோ நேர்ந்திருப்பாள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் அது கடனாக வந்து நிற்கும். அம்மாவின் நேர்ச்சை அம்மாவைத்தான் கட்டுப்படுத்தும், பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. வற்புறுத்தலாலோ பெரிய பயத்தாலோ ஏமாற்றத்தாலோ வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலமான நவதுறவில் ஒருவர் நுழைந்தால் அந்த நுழைவே செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம். நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, பங்குச்சாமியிடம் போய்க் கேட்டால் சொல்வார்.

வரதட்சணைக்கு வழியில்லை, பார்த்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, காதல் கைகூடவில்லை என்று மடத்தை நாடுவதும் நடக்கிறது. இதைச் சபைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். பழைய காலத்தில் கன்னியர் மடத்துக்கும் சீதனம் உண்டு, 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அதற்கு விதியே இருந்தது. இன்றைய 1983 சட்டத்தில் அது இல்லை. ஆக, "சேர இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். தட்டு, டம்ளர், போர்வை, பக்கெட் கொண்டுவரச் சொல்வது வேறு.

கடன், சொத்து

இதை யாரும் வெளியில் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளை பீடி சுற்றிய காசில்தான் வாரம் ஓடுகிறது. அவள் பேரில் மகளிர் குழுக் கடன் இருக்கும், கல்விக்கடன் இருக்கும், தம்பி காலேஜ் பீஸுக்கு அடகு வைத்த நகை இருக்கும். "சாமிக்குப் போறவளுக்குக் கடன் என்ன?" என்று நினைத்துக் கிளம்பிவிடக் கூடாது. அடைக்க முடியாத கடன் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று சபைத் தலைவர்களுக்கே திருச்சபைச் சட்டம் சொல்கிறது. குழுவில் கையெழுத்துப் போட்ட மற்ற பெண்களும் ஏழைகள்தானே? முதலில் கடனை முடியுங்கள், ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நவதுறவில் சேர 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்றுதான் பொதுச் சட்டம் சொல்கிறது. மேல் வயது வரம்பு ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 24 வயதில் வேலை பார்த்துவிட்டு வருபவரைப் பல சபைகள் சந்தோஷமாகவே ஏற்கின்றன.

பெற்றோருக்கு வேறு ஆதரவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு "வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் அனுப்பணும்" என்று கேட்டால் சபையால் முடியாது.

அப்புறம் சொத்து. பிள்ளை மடத்துக்குப் போகிறாள் என்று முடிவானதும், அண்ணன்மார் சார்பதிவாளர் ஆபீசில் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். "அங்க உனக்கு எதுக்கும்மா சொத்து?" என்பார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, பலர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் சட்டம் இவ்வளவு அவசரப்படவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. திருச்சபைச் சட்டமும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறதே ஒழிய, உரிமையை எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் என்று கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்தான் நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். முழு உரிமையையும் துறக்கச் சொல்லும் சபைகள் சில உண்டு, அதுவும் அந்த நேரத்தில்தான். முதல் வருடத்திலேயே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் நாலு வருடத்தில் திரும்பி வந்தால் நிற்க இடம் இருக்காது. பத்திரத்தை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியாது. பதினைந்து வருடம் உழைத்துவிட்டு வெளியேறினாலும், செய்த வேலைக்கு இவ்வளவு தாருங்கள் என்று சபையைக் கேட்க உரிமை இல்லை. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சட்டம் சபையை அறிவுறுத்துகிறது. அதில் கிடைப்பது சபைக்குச் சபை மாறும்.

மறைப்பது

வலிப்பு, தைராய்டு, மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தது, ஏற்கெனவே ஒரு சபையில் இருந்துவிட்டு வந்தது. இதையெல்லாம் வீட்டார் "சொல்லாதே, சேர்க்க மாட்டாங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு சபையில் வார்த்தைப்பாடு கொடுத்துச் சேர்ந்திருந்ததை மறைத்தால் சேர்க்கையே செல்லாது. உடல்நலம் அப்படி இல்லை, ஆனால் மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்றுகொண்டு, அதிகாலையில் எழுந்து, விடுதியில் இருபது பேர் நடுவில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழும் பிள்ளைகளும் உண்டு. சொன்னால் பல நேரம் வழி பிறக்கும்.

கணவர் உயிரோடு இருக்க, பிரிந்து வாழும் பெண்கள் சேர முடியாது. கோர்ட்டில் விவாகரத்து வாங்கியிருந்தாலும் திருச்சபையின் பார்வையில் திருமண பந்தம் இருக்கும்வரை இதே நிலைதான். கைம்பெண்கள் சில சபைகளில் சேரலாம். நம் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் ஆர்.சி. என்ற கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டண்டுகளும் கலந்து இருப்பதால் இன்னொரு குழப்பம் வரும். சி.எஸ்.ஐ. பிள்ளை கத்தோலிக்கச் சபையில் சேர வேண்டுமானால் முதலில் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்கப்பட வேண்டும். பல சபைகள் அதன் பிறகும் சில வருடம் பொறுத்திருக்கச் சொல்லும். ஏமி கார்மைக்கேல் தொடங்கிய டோனாவூர் ஐக்கியத்தைக் கத்தோலிக்க மடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அது புரொட்டஸ்டண்ட் அமைப்பு.

விசாரிக்காமல் சேருவது

யாரோ ஒரு பிரசங்கியார் அங்கி மாட்டிக்கொண்டு, "புதுச் சபை தொடங்கியிருக்கேன், பிள்ளைகளை அனுப்புங்க" என்று வந்தால் உடனே அனுப்பிவிடக் கூடாது. புதிய துறவற சபையை ஒரு ஆயரே (பிஷப்பே) நிறுவ வேண்டுமானாலும் வத்திக்கானின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் முடியாது. 2020 நவம்பரில் போப் பிரான்சிஸ் சட்டத்தை அப்படித் திருத்திவிட்டார். ஆயர் இல்லத்துக்கு ஒரு போன் போட்டு, "இந்தச் சபை நம்ம மறைமாவட்டத்தில் அங்கீகாரத்தோடு இயங்குகிறதா?" என்று கேட்டால் முடிந்தது. வெளிமாநிலத்து வீடு என்றால் தாய் தகப்பன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

சாதியையும் கேட்டுவிட வேண்டும். வடக்கன்குளம் கோயிலில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்த கௌசானல் சாமியின் ஊர்க்காரர்கள் நாம். சுவர் போனாலும் பேச்சு போகவில்லை. ஒரு பயிற்சி வீட்டில் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பொறுப்புகள் யார் யாருக்குப் போகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். "அதெல்லாம் இங்க கிடையாது" என்ற பதிலைவிட, "இருக்கு, இப்படிச் சமாளிக்கிறோம்" என்ற பதிலை நான் அதிகம் நம்புவேன்.

பிளெக்ஸ் அடித்து வழியனுப்புவது

இது பிள்ளை செய்யும் தவறு இல்லை, ஊர் செய்வது. பயிற்சி வீட்டில் கால்கூட வைக்கவில்லை, அதற்குள் தெருமுனையில் பிளெக்ஸ், கோயிலில் சிறப்புத் திருப்பலி, மைக் செட், பிரியாணி. பொன்னாடை போர்த்தி, "எங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்த அருட்சகோதரி" என்று வாழ்த்துவார்கள். அவள் இன்னும் அருட்சகோதரி ஆகவே இல்லை. முதலில் சில காலம் பார்வையாளராக இருப்பாள், பிறகு புகுநிலை என்ற ஆரம்பப் பயிற்சி, பிறகு நவதுறவு. நவதுறவு குறைந்தது பன்னிரண்டு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்பது சட்டம். அதற்குமேல் தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்று ஆண்டு. நித்திய வார்த்தைப்பாடு வரை போக எட்டு, ஒன்பது ஆண்டுகள்கூட ஆகும். இத்தனை படிகள் வைத்திருப்பதே, சரிப்படுமா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளத்தான். நவதுறவி எந்த நாளும் தாராளமாக வெளியேறலாம், சபையும் அனுப்பிவிடலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்தாலும் போகலாம், அதில் பாவம் எதுவும் இல்லை.

ஆனால் ஊரில் பேச்சு எப்படி இருக்கும்? "மடத்துல இருந்து வந்துட்டாளாம்லா… என்ன செஞ்சாளோ." பிளெக்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வாயும் இருக்கும். இந்த வாய்க்குப் பயந்தே, பொருந்தாது என்று உள்ளுக்குள் தெரிந்த பிறகும் பிள்ளைகள் வருடக் கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள். அப்படி இருப்பவர் கையில் வந்து சேரும் நோயாளியின் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். பெற்றோர் செய்ய வேண்டியது, ஒரு சின்ன செபம், வீட்டுச் சாப்பாடு, பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போவது. "பிடிக்கலைன்னா வந்துடு, உன் கட்டில் இங்கேயேதான் இருக்கும்" என்று போகும்போதே சொல்லி அனுப்பினால், நிற்கிற பிள்ளை அதனால் திரும்பி வந்துவிட மாட்டாள்.

ஏழைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்றால், மடம் ஒன்றே வழி இல்லை. அநேகமாக உங்கள் பங்குக் கோயிலிலேயே வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். 1833-ல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது, முழுக்கப் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள், நடத்துவது. ஒரு வருடம் அதில் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். நர்சிங் படியுங்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை கல்யாணம் ஆனவர், துறவி அல்ல.

சரி, எல்லாம் யோசித்தாயிற்று, போவது உறுதி என்றால் காகித வேலை ஒன்று பாக்கி. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம் ஆகவில்லை என்பதற்கான சான்றுகள் கேட்பார்கள். முதல் நன்மைக்கு வாங்கி பீரோவில் வைத்திருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் போதாது. ஒருவரின் உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படும் என்பதால், புதிதாக எடுத்த நகல் வேண்டும். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் கொடுத்தார்களோ அந்தக் கோயிலிலிருந்து. அம்மா பிறந்த ஊரில் ஞானஸ்நானம் நடந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும். கோயில் பதிவில் சவரியம்மாள், பள்ளிச் சான்றிதழில் ஷாலினி என்று இரண்டு பெயர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று பங்குத்தந்தையிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழாக் கொடி ஏறிவிட்டால் சாமியைப் பிடிக்க முடியாது, அதற்கு முந்திய வாரமே போய்விடுங்கள்.